ஆறாவது நீலத் தட்டு

என் பாத்திரக் கடையில் எத்தனையோ தினுசு பீங்கான் வந்து போயிருக்கிறது. வெள்ளையில் நீலப் பூக்கொடி போட்ட தட்டு மட்டும் போகவில்லை. என் மாமியார் கல்லாவில் உட்கார்ந்த காலத்திலும் அதே கொடி, அதே நீலம். இன்று ஒன்று வாங்கிப் பழைய தட்டுகளோடு அடுக்கினால், புதுசு எது பழசு எது என்று கடைக்காரி எனக்கே தெரியாது. அதனால்தான் அதற்கு மவுசு குறையவே இல்லை.

அந்தப் பெண்ணும் அதற்காகத்தான் வந்தாள். "கை தவறிடுச்சுக்கா" என்று ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு தட்டு. கல்யாணத்துக்கு அண்ணன் வாங்கித் தந்த ஆறு தட்டாம். "கையில வெண்ணெயா தடவியிருக்கு?" என்று முதலில் கேலி செய்தேன். பிறகு ஒரு நாள் அவள் முடியை ஒதுக்கியபோது, காதோரம் தையல் போட்ட காயத்தைப் பார்த்தேன். கை தவறிய தட்டு தரையில்தானே விழும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்று வந்தவள், "நாளைக்கு அண்ணன் சாப்பிட வர்றார்க்கா. ஒண்ணு குறைஞ்சாலும் ஏன்னு கேப்பார்," என்றாள். கேட்கட்டுமே! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நான் எதற்குத் தட்டு விற்க வேண்டும்?

"ஸ்டாக் இல்லம்மா," என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "நல்லாப் பாருங்கக்கா" என்று கெஞ்சினாள். நான் அசையவில்லை. அவள் போனதும் நீலத் தட்டுகளைப் பெரிய தட்டுகளுக்கு அடியில் தள்ளினேன்.

இன்று காலை ஒருவன் வந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, குழைவான பேச்சு. நீலப் பூப்போட்ட தட்டு கேட்டதுமே அவள் புருஷன் என்று புரிந்துவிட்டது. யோக்கியன் வருகிறான், செம்பை எடுத்து உள்ளே வை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, "இல்லையே சார்," என்றேன்.

அவன் பெரிய தட்டுகளைத் தானே தூக்கிப் பார்த்தான். "இருக்கே."

"கவனிக்கல சார். இதோ, கட்டித் தர்றேன்," என்று பழைய பேப்பரை எடுத்தேன்.

"வேணாம்மா, வாங்க வரல. கடையில இல்லவே இல்லன்னு அவ நேத்து எங்கிட்ட சத்தியம் பண்ணினா. நெசமான்னு பாக்கத்தான் வந்தேன்."

"சார், இல்லன்னு சொன்னது நான்தான்! அவ பொய் சொல்லல!"

"விடுங்கம்மா. அவளுக்குப் பரிஞ்சு பேச எப்பவும் யாராவது இருப்பாங்க," என்று சிரித்தான். "அண்ணனையும் வர வேணாம்னுட்டேன்."

தட்டுகளை வரிசை குலையாமல் அடுக்கிவிட்டுப் படியிறங்கினான். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவன் பின்னால் ஓடினேன். அவள் வீடு எந்தத் தெருவில் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.