முன்பிருந்த பதியுதீன்

சாய்ந்தமருதில் பதியுதீன் முதலாளியின் வயிற்றை அறியாத ஆள் கிடையாது. கல்முனை பசாரில் அவருடைய புடவைக்கடைக்குள் நுழைகிறவன் கண்ணில் முதலில் படுவது அந்த வயிறுதான். துணியும் முழக்கோலும் முதலாளியும் அதற்குப் பிறகுதான். கலியாண வீட்டில் சஹன் என்கிற ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து தின்பது ஊர் வழக்கம். பதியுதீன் இருக்கிற சஹனுக்கு மட்டும் நாலு பேரை இருத்துவார்கள். அதற்காக யாரும் முகம் சுளித்ததில்லை. நல்ல இறைச்சித் துண்டாகப் பொறுக்கிப் பக்கத்தில் இருக்கிறவன் பக்கம் தள்ளிவிட்டுத்தான் அவர் தன் வாயில் வைப்பார். சிரித்துச் சிரித்துத் தின்பார். அவரோடு இருந்து தின்றால் நமக்கும் பசி எடுக்கும் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள்.

அந்த வயிற்றை வளர்த்தவள் அவருடைய பெண்சாதி ஸுலைஹா. கலியாணம் முடித்து இருபத்திரண்டு வருசம், பிள்ளை இல்லை. தெருவில் மற்றப் பெண்களுக்கு ஏழு வாய், எட்டு வாய். இவளுக்கு ஒரே வாய். அந்த ஒரு வாய்க்கு விடிந்ததிலிருந்து அவள் அடுப்படியில் நின்றாள். காலையில் புட்டும் மீன் பொரியலும், பகலுக்கு இரண்டு ஆணம், ஒரு சுண்டல், பொரித்த கருவாடு, இரவுக்கு ரொட்டி. இருவரும் ஒரே பீங்கானில்தான் தின்றார்கள், முதல் நாளிலிருந்து அப்படித்தான். தான் எவ்வளவு சோறு தின்கிறாள் என்று ஸுலைஹாவுக்கே தெரியாது. அவர் இந்தப் பக்கம் தள்ளிவிடுவதை அவள் தின்பாள், அவ்வளவுதான்.

எண்பத்தோராம் ஆண்டு பதியுதீனுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. படுத்தால் தூக்கம் இல்லை, கதிரையில் இருந்தபடியே தூங்கினார். சீனி வருத்தமும் சேர்ந்துகொண்டது. பள்ளிவாசலில் எல்லாரும் சுஜூதுக்குப் போகிற நேரத்தில் இவர் மட்டும் பின்னால் வாங்கில் இருந்து தலையை ஆட்டினார். அதுதான் அவரை மிகவும் நோகடித்தது. நெற்றி நிலத்தில் பட்டு எத்தனையோ மாதமாயிற்று என்று ஒருநாள் ஸுலைஹாவிடம் சொல்லிப் பிள்ளைபோல அழுதார்.

கொழும்பில், இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்த ஒரு டொக்டர் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார்கள். வயிற்றின் மேல்பக்கத்தைத் தையல் போட்டுப் பிரித்துக் குடலோடு சேர்த்துவிட்டால் அரைக் கோப்பைக்கு மேல் கொள்ளாது, உடம்பு தானாக இறங்கிவிடும் என்றார் அவர். இப்படியே விட்டால் இரண்டு வருசம் தாங்கமாட்டார் என்றும் சொன்னார். அடுத்த வருசம் தை மாதம் ஒப்பரேசன் நடந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார் என்று கேட்டதும் ஸுலைஹா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லித் தொழுதாள். ஊருக்கு வந்து ஓர் ஆடு அறுத்துப் பங்கு வைத்தாள்.

ஊர் இதை நம்பவே இல்லை. பசிக்கு மருந்து தேடிப் போகிறவன் உண்டு. காசு கொடுத்துப் பசியைக் கெடுத்துக்கொண்டு வருகிறவன் எங்கே இருக்கிறான்? புற்றுநோய், மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டினார்கள். ஊருக்கு என்ன, வாய் இருக்கிறது, கதைக்கும்.

டொக்டர் சொல்லிவிட்டது இதுதான்: ஒரு தரத்துக்கு அரைக் கோப்பை, நாளைக்கு ஆறு தரம். கரண்டியால் எடுத்துச் சாந்தாக மென்றுதான் விழுங்க வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, இனிப்பைத் தொடவே கூடாது. நோன்பும் அந்த வருசம் வேண்டாம்.

ஆறு மாதத்தில் பதியுதீன் பாதி ஆளாகிவிட்டார். விரலில் மோதிரம் நிற்கவில்லை. கன்னத்துத் தோல் தொங்கியது, காதுகள் பெரிதாகத் தெரிந்தன. ஆனால் நெற்றி நிலத்தில் பட்டது. நாற்பத்தாறு வயதில் சைக்கிள் பழகி, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்து சிரித்தார். இதையெல்லாம் பார்த்து ஸுலைஹா சந்தோசப்பட வேண்டும். பட்டாள்தான். ஆனால் ஒருநாள் முற்றத்தில் ஆம்பிளை இருமல் கேட்டு, யாரோ வெளி ஆள் என்று முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள். வந்தவர் அவர்தான். கதவு இடுக்கால் அவர் முகத்தைக் கண்டபோது அவளுக்கு வெட்கமாய்ப் போயிற்று. அவர் சைக்கிளைச் சாத்திவிட்டுக் கால் கழுவப் போனார்.

சாப்பாட்டு நேரந்தான் பெரிய கரைச்சல். அவள் எவ்வளவு முயன்றும் கைக்கு அளவு மறந்துபோகவில்லை. நாலு பேர் தின்கிற சோற்றை ஆக்கிவிட்டு நிற்பாள். அவர் கோப்பையையும் கரண்டியையும் வைத்துக்கொண்டு இருப்பார். அவள் எதிரில் குந்தி அவர் வாயையே பார்ப்பாள். ஒரு கரண்டி, இரண்டு கரண்டி, இன்னும் ஒன்று எடுப்பாரா? மூன்றாவதில் அவர் நிறுத்திவிட்டால் இவளுக்கு வயிறு எரியும். நோன்பு மாதத்தில் தான் உமிழ்நீரை விழுங்காமல் நோன்போடு இருந்துகொண்டே அவருக்கு ஆறு தரமும் காய்ச்சிக் கொடுத்து, ஆறு தரமும் வாயைப் பார்த்தாள். கஞ்சியில் அவருக்குத் தெரியாமல் கட்டித் தேங்காய்ப்பால் விட்டாள். அவர் குடித்துவிட்டுச் சத்தியெடுத்தார். எதனால் என்று அவளுக்குத் தெரியும், சொல்லவில்லை.

பெருநாள் வந்தது. ஸுலைஹாவின் வட்டலப்பத்துக்காகவே மருதமுனையிலிருந்து ஆள் வரும். இனிப்புக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாததா? தெரியும். பெருநாளும் அதுவுமாய் ஒரு கரண்டியில் என்ன வந்துவிடப் போகிறது என்று கொண்டுபோய் நீட்டினாள். அவர் அவளுடைய கண்ணைப் பார்த்தார், மறுக்க முடியவில்லை. இரண்டு கரண்டி தின்றார். மூன்றாவதை அவளே ஊட்டினாள். பத்து நிமிசம் ஆகவில்லை, வியர்வை ஆறாய் ஓடியது, கை நடுங்கியது, நெஞ்சு படபடக்கப் புதுச் சாறனோடு நிலத்தில் சரிந்தார். பெருநாளுக்கு வந்த சனம் வாசலில் நிற்க, அவர் முற்றத்தில் குனிந்து வாந்தியெடுத்தார். அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்திலும் அவள் நினைத்தது, இந்தக் கழுத்து எப்போது இவ்வளவு ஒல்லியானது என்பதைத்தான்.

பெருநாள் கழிந்த மூன்றாம் நாளிலிருந்து பதியுதீன் பகலுக்கு வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். கடையில் வேலை என்றார். ஸுலைஹா நம்பினாள். நம்பவிடாமல் செய்வதற்கென்றே பக்கத்து வீட்டில் பாத்தும்மா இருந்தாள்.

"என்னகா ஸுலைஹா, ஒன்ட மாப்புள லுஹர் நேரத்துக்கு சைக்கிள்ல மேக்கால போறாராமே, தினமும்" என்றாள் அவள். சம்மாந்துறையில் ஒரு கைம்பெண் இருக்கிறாளாம். ஆள் மெலிந்து மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார், காசும் இருக்கிறது, பிள்ளையும் இல்லை. இன்னொன்று முடிக்காமல் என்ன செய்வார்? பாத்தும்மா இதைச் சொன்னபோது குரலில் கவலைதான் இருந்தது, கண்ணில் வேறு என்னவோ இருந்தது.

இருபத்திரண்டு வருசம் ஒரே பீங்கானில் தின்ற மனுசன் இன்னொருத்தி கையால் தின்கிறாரா? அந்தச் சம்மாந்துறையாள் ஆக்கித் தந்தால் மட்டும் உள்ளே இறங்குகிறதா? அவர் இன்னொன்று முடிப்பது கூட ஸுலைஹாவை அவ்வளவு சுடவில்லை. அங்கே எவ்வளவு தின்கிறார் என்ற நினைப்புத்தான் சுட்டது.

மறுநாள் தன் தம்பிக்கு ஆள் அனுப்பினாள். முகம்மது தம்பி என்று பெயர். முன்கோபக்காரன், உழவு மெசின் வைத்திருந்தான். மச்சானுக்கு இரண்டு வைக்கத் தயாராகவே வந்தான். மெசினுக்குப் பின்னால் பூட்டிய பெட்டியில் அவளை ஏற்றிக்கொண்டு மேற்கே விட்டான். சம்மாந்துறை வரை போக வேண்டியிருக்கவில்லை. சொறிக்கல்முனைப் பக்கத்தில் பதியுதீனின் வயல் இருக்கிற வட்டைக்குத் திரும்புகிற இடத்திலேயே, வரம்போரம் அவருடைய சைக்கிள் சாத்திக் கிடந்தது. தம்பியை ரோட்டில் நிற்கச் சொல்லிவிட்டு அவள் தனியே வரம்பில் இறங்கி நடந்தாள்.

கதிர் பழுக்கிற பருவம். வயல் நடுவில் ஓலை வேய்ந்த வாடி. வாசலில் வயல்காரக் கிழவர் கச்சிமுகம்மது உள்ளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தகரம் கட்டிய கயிற்றை இழுத்துக் குருவி விரட்டிக்கொண்டிருந்தார். உள்ளே பாயில் பதியுதீன் இருந்தார். கையில் கஞ்சிக் கோப்பை. கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக, மெதுவாக மென்றுகொண்டிருந்தார். ஒப்பரேசனுக்குப் பிறகு அவர் முகம் இவ்வளவு அமைதியாக இருந்து அவள் பார்த்ததே இல்லை. ஸுலைஹா வாடிக்குள் தலையை நீட்டி மூலைமுடுக்கெல்லாம் பார்த்தாள். நெல்மூட்டைக்குப் பின்னாலும் பார்த்தாள்.

"ஆரத் தேடுறாய்?" என்றார் பதியுதீன்.

"சம்மாந்துறையாள."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்தது. தையல் போட்ட இடத்தைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார். கிழவர் திரும்பிப் பார்க்காமல் எழுந்து வாய்க்கால் பக்கம் போனார்.

"ஊட்டுல அடுப்பு எரியல்லயா? இந்தக் கஞ்சியக் காச்சித் தர எனக்குக் கை இல்லயா?" என்றாள்.

"கை இரிக்கி. கண்ணும் இரிக்கே, புள்ள" என்றார் அவர். "நீ என்ட வாயப் பார்க்கக்குள்ள எனக்குத் தொண்ட அடைக்கிது. கச்சிமுகம்மது அங்கால திரும்பிக் குருவி பார்ப்பார். நான் திண்டனா, திங்கல்லயா, அவருக்கு ஒண்டுமில்ல. அதான் இஞ்ச இறங்குது."

"நான் பார்க்காம ஒங்கள ஆரு பார்க்கிற?"

"நீ என்னயா பார்க்கிறாய்?" பதியுதீன் கோப்பையைக் கீழே வைத்தார். "நீ அவனத் தேடுறாய், ஸுலைஹா. முன்ன இருந்தானே, அவன. அவன் கொழும்புல அந்தக் கட்டில்லயே மௌத்தாகிட்டான். நீ இன்னும் அவனுக்குத்தான் ஆக்கிறாய்."

அவர் கோபத்தில் சொல்லவில்லை. அவள் வாடி வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, "நாளைக்கு ஊட்டுக்கு வாங்க. நான் பார்க்கமாட்டன்" என்று சொல்லிவிட்டு வரம்பில் ஏறினாள்.

வீட்டுக்கு விடு என்று மட்டும் தம்பியிடம் சொன்னாள். மெசின் பெட்டியில் குலுங்கிக்கொண்டு வரும்போது அவளுக்கு ஒரே நினைப்புத்தான். மாப்பிள்ளை மௌத்தானால் பெண்ணுக்கு நாலு மாதமும் பத்து நாளும் இத்தா உண்டு. வெள்ளை உடுத்தி அறைக்குள் இருப்பாள். சனம் வந்து பக்கத்தில் இருக்கும், யாசீன் ஓதும், அழுதால் முதுகைத் தடவும். இவளுக்கு என்ன இருந்தது? ஆடு அறுத்தாள். உயிரோடு மனுசன் வீட்டில் இருக்க எப்படி அழுவது? அழுதால் அல்லாஹ்வுக்கு நன்றி கெட்டவள் என்று ஊர் காறித் துப்பும். அவளே தன்னைத் துப்பியிருப்பாள். ஏழு மாதமாக அந்தப் பழைய மனுசனுக்காக அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.

மறுநாள் லுஹர் தொழுதுவிட்டுப் பதியுதீன் வீட்டுக்கு வந்தார். பாய் விரித்திருந்தது. ஒரு பக்கம் அவருடைய கோப்பையும் கரண்டியும். மறுபக்கம் ஸுலைஹா தன் பீங்கானை வைத்துக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து இருந்தாள். அவர் வந்து தன் கோப்பைக்கு முன்னால் குந்தினார். பிஸ்மில்லாஹ் சொன்னது கேட்டது. கரண்டி கோப்பையில் பட்டது. எண்ணக்கூடாது என்று அவள் தனக்குள்ளே சொல்லிக்கொண்டாள்.

சோற்றைப் பிசைந்தாள். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. பிசைந்த சோற்றில் கண்ணீர் விழுந்தது. அடக்கப் பார்த்தாள், அடங்கவில்லை. பிறகு மையத்து வீட்டில் அழுகிற மாதிரி, குரல் விட்டு, உடம்பு குலுங்க அழுதாள். பாத்தும்மாவுக்குக் கேட்குமே என்ற எண்ணம்கூட வரவில்லை. பின்னால் கரண்டிச் சத்தம் நின்றது. உயிரோடு இருக்கிறவனை வைத்துக்கொண்டு ஒப்பாரியா என்று அவர் எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தாள்.

அவர் எழுந்து போகவில்லை.

"நல்ல மனுசன்" என்றார். மையத்து வீட்டுக்கு வந்து பாயில் இருக்கிறவர்கள் கதைக்கிற குரலில்.

"ஓம்" என்றாள் ஸுலைஹா.

"நல்லாத் திம்பான்."

"ஓம்."

அவளுடைய அழுகை விக்கலாகி, விக்கலும் ஓயப் போனது. அப்போதுதான் பின்னால் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"எனக்கும் அவனத் தேடுதுதான், ஸுலைஹா" என்றார்.

திரும்பி அந்த முகத்தைப் பார்க்க அவள் மனம் கிடந்து துடித்தது. பார்ப்பதில்லை என்று சொல்லியிருந்தாள். பார்க்கவில்லை.