விடாமல் பிடித்த கை

"அப்பா, உங்களுக்கு வலிச்சா என்னையும் அம்மாவையும் அடிக்கிறீங்க. அம்மாவுக்கு வலிச்சா அம்மா யாரை அடிப்பாங்க?"

மகள் ஒருநாள் கேட்டாள். லாரி மெக்கானிக்கான அப்பன், "போய்ப் படி" என்று விரட்டிவிட்டான்.

இரண்டாவது பிள்ளையை வலி குறைக்கும் ஊசி இல்லாமல் பெற வேண்டும் என்று அவன் மனைவிக்கு ஆசை. அதற்காகத் துணைக்கு ஒரு பெண்ணை அமர்த்தியிருந்தாள். அவள் மருத்துவச்சி அல்ல, பிள்ளையை எடுக்கமாட்டாள். வலிக்கிறவளை விட்டு நகராமல் இருப்பதுதான் அவள் வேலை.

"சும்மா பக்கத்துல உக்கார ஒரு ஆளா?" என்று அவன் கேலி செய்தான்.

"நீ உக்காருவியா?" என்றாள் மனைவி.

வலி கண்ட அன்று பிற்பகல், பிரசவ அறைக்கு வெளியே அவன் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தான். நர்ஸ் பக்கத்து அறைக்கு ஓடியிருந்தாள். உள்ளேயிருந்து அலறல்: "ஐயோ, இடுப்பு உடையுது! செத்தேன்!"

கதவுக் கண்ணாடி வழியே பார்த்தான். மனைவி மண்டியிட்டுக் கட்டிலைக் கட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் துணைக்காரி, இரு கைகளாலும் அவள் இடுப்பை நெரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க அவனுக்குப் பழக்கமில்லை. கதவை உதைத்துத் திறந்தான். துணைக்காரியின் கொண்டையைப் பற்றி இழுத்தான். அவள் கையை எடுக்கவில்லை. முகத்தில் குத்தினான், உதடு கிழிந்து ரத்தம் சொட்டியது. அப்போதும் எடுக்கவில்லை. இரும்பு முக்காலியைத் தூக்கி அவள் வலது தோளில் போட்டான். அந்தக் கை துவண்டு தொங்கியது.

மனைவி திரும்பி, அவன் முன்கையில் பல் பதியக் கடித்தாள்.

"பாவி! நான்தான்யா அழுத்தச் சொன்னேன்! அவங்க அழுத்துறதாலதான் தாங்குறேன்!"



"தம்பி, அடிச்சு முடிச்சாச்சா?" துணைக்காரி ரத்தத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "அடுத்த வலி வருது. எனக்கு ஒரு கை போச்சு. இப்படி வாங்க."

"நானா?"

"பின்னே, முக்காலியா பிடிக்கும்?"

அவன் மண்டியிட்டான்.

"குத்துற மாதிரி வேணாம். சாயுற லாரிக்கு முட்டுக் கொடுப்பீங்கல்ல, அப்படி. வலி இறங்குற வரைக்கும் விடாதீங்க."

மனைவி அவன் ஏழு தலைமுறையையும் திட்டினாள். "இன்னும் அழுத்துடா!" என்றாள். அவன் அழுதுகொண்டே அழுத்தினான். நர்ஸ் ஓடிவந்தபோது தலை தெரிந்துவிட்டது. ஆண் பிள்ளை வீறிட்டது.

பிறகுதான் நர்ஸ் துணைக்காரியின் கிழிந்த உதட்டைப் பார்த்தாள். "என்னம்மா இது?"

போலீஸ் வந்தாலும் தகும் என்று அவன் தலைகுனிந்தான்.

துணைக்காரி பிள்ளையைப் பார்த்தாள். "இந்த வேலைல இதெல்லாம் உண்டு சிஸ்டர். தோளுக்குக் கொஞ்சம் ஐஸ் கொடுங்க."

சாயங்காலம் அவள் கையில் கட்டோடு ஓய்வறையில் உறங்கினாள். வாசலில் அவள் செருப்பு கிடந்தது. அவன் இழுத்த இழுப்பில் வார் அறுந்திருந்தது. எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான். இடுக்கிலெல்லாம் உறைந்திருந்த ரத்தத்தை நகத்தால் சுரண்டிக் கழுவினான். தான் ஓட்டிவந்த லாரியிலிருந்து தார்ப்பாய் தைக்கும் ஊசியும் நூலும் கொண்டுவந்து வாரைத் தைத்தான். முடிச்சு உறுத்துகிறதா என்று தன் உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தான். உறுத்தியது. பிரித்து மறுபடி தைத்தான்.

நடையில் ஆள் இல்லை. எழுந்ததும் கால் நுழைக்க வாகாகச் செருப்பைத் திருப்பி வைத்துவிட்டு, ஓசையில்லாமல் நடந்தான்.