நாகபூசணி தைத்த விண்வெளி உடுப்புகள்

நான் இருந்தேன், என் மகள் வதனி இருந்தாள், அவளுக்கு நிச்சயித்திருந்த சுதாகரன் இருந்தான், அவனைப் பெற்ற கதிர்காமநாதனும் தவமலரும் நீள இருக்கையின் இரண்டு முனைகளில் இருந்தார்கள், கதையைக் காவிக்கொண்டு வந்த விசாலாட்சி மச்சாள் கதவோரக் கதிரையில் கைப்பையை மடியில் வைத்து இருந்தாள், சுவரில் மாலைக்குள் என் மனைவி நாகபூசணி இருந்தாள், வேறு ஒருவரும் இருக்கவில்லை, இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் பிறகு லண்டனில் பாதிப் பேர் தாங்களும் அன்று அந்த அறையில் இருந்ததாகச் சொல்லித் திரிந்தார்கள், பட்டப்பகலில் திரைச்சீலைகளை இழுத்து மூடியிருக்கிறோம், தொலைக்காட்சியில் வெள்ளி வண்ணம் பூசிய குப்பைவாளி ஒன்று இரண்டு மனிதக் கால்களில் நடந்து வருகிறது, அதன் உச்சியில் ஒரு தேயிலை வடி சுழல்கிறது, எங்கள் கிரகத்தில் ஆண்கள் தீர்ந்துபோனார்கள் என்று அது இங்கிலீசில் முறையிடுகிறது, பின்னால் நிற்கும் சந்திரன் காற்றுக்கு அசைகிறது, அட்டைச் சந்திரன், யாரோ மறைந்து நின்று அதைக் கையால் பிடித்திருக்கிறான், அவன் விரல்கள்கூடத் தெரிகின்றன, நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு பார்க்கிறேன், அந்தப் படத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, அதில் என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியாது, ஆனாலும் போடு என்று சொன்னவன் நான்தான்.

படத்தின் பெயரை என் வாயால் சொல்லமாட்டேன், அது சொல்லத்தக்க பெயரல்ல, அந்தக் காலத்து வெள்ளைக்காரர் சிலர் கையில் கிடைத்த தகரத்தையும் அட்டையையும் வைத்து விண்வெளிப் படம் என்று எடுப்பார்கள், விண்வெளி ஒரு சாட்டு, எப்படியாவது பெட்டைகளின் உடுப்பைக் கழற்றுவதுதான் நோக்கம், இடையில் நாலு பகிடி, அவ்வளவுதான், அப்படிப்பட்ட ஒன்றில் நாகபூசணி உடுப்பைக் கழற்றிப்போட்டு நடித்தாள் என்று அவள் செத்து இரண்டு வருடம் கழித்துக் கதை கிளம்பியது, யாருடைய மகனோ வீடியோக் கடையில் எடுத்துப் பார்த்தானாம், முகத்தைக் கண்டதும் நிறுத்திவிட்டானாம், அவன் தாய்க்குச் சொல்ல, தாய் விசாலாட்சி மச்சாளுக்குச் சொல்ல, விசாலாட்சி மச்சாள், என் மனைவியின் சொந்தச் சிற்றப்பன் மகள், அதைத் தவமலரின் காதில் கொண்டுபோய் வைத்தாள், மண்டபம் பேசியாகிவிட்டது, கூறைச்சேலை கொழும்பிலிருந்து வந்துவிட்டது, கதிர்காமநாதன் வந்து தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு, அண்ணை, சாத்திரி திரும்பவும் பாத்தவர், இந்த வருசம் அவ்வளவு சரியில்லையாம், கொஞ்சம் தள்ளிப்போடுவமே எண்டு யோசிக்கிறம் என்றார், எந்தச் சாத்திரி, பேரைச் சொல்லுங்கோ, நானே போய்க் கேக்கிறன் என்றேன், அவர் தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், பிறகு, கதை ஒண்டு உலாவுது அண்ணை என்றார், சொன்னார், சொல்லும்போது சுவரைப் பார்க்காமல் சொன்னார், அந்த மட்டில் நல்ல மனுசன், நான் கத்தவில்லை, கையை ஓங்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வாங்கோ, படத்தைப் போட்டுப் பாப்பம் என்றேன், சபையிலை வைச்சோ என்று அவர் வாயைப் பிளந்தார், சபையிலை கதைச்சதைச் சபையிலைதான் பாக்கவேணும் என்றேன், வதனி அன்று குசினிக்குள் நின்று அழுதாள், அப்பா, அம்மா ஏதும் செய்திருந்தா என்ன செய்வியள், கேட்டாள், நான் என்ன சொன்னேன், உன்ரை அம்மாவை உன்னைவிடக் கூடக் காலம் தெரிஞ்சவன் நான் என்று சொன்னேன், சொல்லிவிட்டு ஒழுங்கைப் பக்கம் போய்த் தனியே நின்றேன், ஏனென்றால் அவள் அந்தப் படக்காரரிடம் தைக்கப் போன ஒரு கிழமையைப் பற்றி என்னிடம் வாயே திறந்ததில்லை.

அந்தக் கிழமை, அது ஒரு மாசி மாதம், கூரையெல்லாம் பனி, வதனி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம், நாகபூசணி மிசிஸ் பேர்ல் என்ற கிழவியின் தையல் பட்டறையில் வேலை, ஒருநாள் பெரிய பொதியோடு வருகிறாள், பிரித்தால் வெள்ளித் துணி, எங்கள் சின்ன அறை முழுவதும் பளபளவென்று விரிகிறது, கட்டில், மேசை, சாமிப்படம் எல்லாவற்றிலும் வெளிச்சம் அடிக்கிறது, இஞ்சாருங்கோ, இது சந்திரனிலை உடுக்கிற உடுப்பாம் என்று சிரிக்கிறாள், வதனி ஒரு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடுகிறாள், அந்த உடுப்புகளுக்கு மேலோட்டமாக நூலோட்டி விட்டாற் போதும், இழுத்தவுடன் கையோடு வரவேண்டும் என்பது கிழவியின் கட்டளை, ஏன் அப்படி என்று கிழவி சொல்லவில்லை, இவள் கேட்கவுமில்லை, அவசரவேலை, அதனால் அரைகுறையாகக் கேட்கிறார்கள் என்று விளங்கிக்கொண்டாள், நூலோட்டிய உடுப்பு இவளுக்கு உடுப்பே இல்லை, அது பாதி வேலை, யாழ்ப்பாணத்தில் இவளுக்குத் தையல் பழக்கிய கன்னியாஸ்திரி முடித்த சட்டையின் பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பலங்கொண்ட மட்டும் இழுப்பாவாம், நூல் ஒன்று தெறித்தாலும் முழுவதையும் பிரிக்கவைப்பாவாம், அந்தக் கையில் பழகியவள், வீட்டு மெசினில் வைத்து எல்லா உடுப்புக்கும் இரட்டைத் தையல் ஓடினாள், கைக்கீழே துண்டு வைத்தாள், கழுத்துக்கு நாடா கொடுத்தாள், நான் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், இப்ப இழுங்கோ பாப்பம் என்றாள், இழுத்தேன், இன்னும் இழுங்கோ, சோறு திண்டனீங்கள்தானே என்றாள், இழுத்தேன், வரவில்லை, பிறகு அவர்கள் படம் எடுக்கும் இடத்துக்கே கூப்பிட்டார்கள், அங்கேயே இருந்து பொத்தான் கித்தான் தைக்க ஒருத்தி வேண்டுமாம், முதல்நாள் நானே கொண்டுபோய் விட்டேன், ஆற்றுக்குத் தெற்கே, மூடிப்போன ஜாம் தொழிற்சாலை, ஆட்டுத்தோல் கோட்டுப் போட்ட ஒருவன் வாசலில் நின்று அட்டைச் சந்திரனைத் திட்டிக்கொண்டிருந்தான், உள்ளே போகிறாள், வாசற்கதவு மூடுகிறது, கிழமை முடிய வருகிறாள், எப்படி என்று கேட்கிறேன், அதுகள் சரியான பைத்தியங்கள் என்கிறாள், வேறு ஒன்றுமில்லை, பிறகு எத்தனையோ வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டோம், அதைப் பற்றிக் கதை வரவேயில்லை.

குப்பைவாளி இன்னும் நடக்கிறது, ஒரு வெள்ளைக்காரன் குளியலறையிலிருந்து ஒன்றுமில்லாமல் வெளியே வந்து பனிக்குள் ஓடுகிறான், பின்பக்கம் மட்டும்தான், அதுவே போதும், கதிர்காமநாதன் உடனே முகட்டைப் பார்க்கிறார், தவமலர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடுகிறா, ஊடு தெரியும் மெல்லிய சேலை, சுதாகரன் கசெட்டை வேகமாக முன்னுக்கு ஓடவிடக் கை நீட்டுகிறான், விடு தம்பி, முழுக்கப் பாக்கவேணும் என்கிறேன், விசாலாட்சி மச்சாள் தொண்டையைச் செருமி, பொறுங்கோ அத்தான், இனித்தானாம் வருது என்கிறாள், நீங்கள் பாத்தனீங்களோ மச்சாள் என்கிறேன், சீச்சீ நான் உதுகளைப் பாப்பனே என்கிறாள், பாக்காமலே உமக்கு எங்கை வருதெண்டு தெரியுதாக்கும் என்கிறேன், வதனி அந்தக் கதை கிளம்பிய பிறகு முதல்தரம் சிரித்தாள், பிறகு திரையில் அவர்கள் வருகிறார்கள், சந்திரனிலிருந்து இறங்கிய பெட்டைகள், எல்லார் உடம்பிலும் எங்கள் அறையில் விரிந்த அதே வெள்ளித் துணி, என் கைவிரலுக்கு அந்தத் துணியின் வழுவழுப்புத் திரும்பவும் வருகிறது, நடுவில் ராணி, தலையில் ரொட்டி வாட்டும் கம்பியில் செய்த கிரீடம், மீசைக்காரன் ஒருவன் தலைமயிர் உலர்த்தும் மெசினைத் துவக்கு மாதிரி நீட்டுகிறான், அதிலிருந்து கதிர் பாய்ந்தால் உடுப்பு மாயமாகிவிடுமாம், அதுதான் படத்தின் உச்சம், அதற்காகத்தான் இவ்வளவும், விசில் சத்தம், கதிர் பாய்கிறது, ராணியின் முதுகில் கட்டிய தூண்டில் நூலை யாரோ மறைவிலிருந்து சுண்டி இழுக்கிறான், உடுப்பு வரவில்லை, திரும்ப இழுக்கிறான், ராணிதான் வருகிறாள், பின்னுக்குத் தள்ளாடித் தள்ளாடிக் குப்பைவாளியில் மோதி நிற்கிறாள், இரண்டு பேர் சேர்ந்து இழுக்கிறார்கள், நூல் அறுகிறது, இழுத்தவர்கள் சந்திரனைக் கிழித்துக்கொண்டு திரைக்குள் வந்து விழுகிறார்கள், திரும்பப் படம்பிடிக்க அவர்களிடம் பிலிமும் இல்லை, இன்னொரு சந்திரனும் இல்லை, அதை அப்படியே விட்டுப் பிறகு குப்பைவாளியின் குரலில் ஒரு வசனம் சேர்த்திருக்கிறார்கள், எங்கள் கவசம் பூமியின் கதிருக்கு அசையாது என்று அது கம்பீரமாகச் சொல்கிறது, எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஏறி வருகிறது, அது சிரிப்பு என்று விளங்கச் சற்று நேரம் சென்றது, கதிர்காமநாதன் முகட்டை விட்டு இறங்கி வந்து, உந்தத் தையல் ஆரின்ரை தையல் அண்ணை என்கிறார், நான் சுவரைக் காட்டினேன்.

அப்போதுதான் அவள் வந்தாள், சுவரிலிருந்து இறங்கி வந்தாளா, திரையின் ஓரத்திலிருந்து வந்தாளா, எனக்கு இன்றைக்கும் நிச்சயமாகச் சொல்லமுடியவில்லை, மாலைக்குள் இருந்தவள் முப்பது வயதுக்குத் திரும்பிக் கிழிந்த சந்திரனுக்குள்ளால் நடந்து வருகிறாள், பச்சைச் சேலை, அதற்கு மேலே அவளுடைய தடித்த கம்பளிக் கோட், சிவப்பு, உதடுகளுக்கிடையில் குண்டூசிகள், பின்னல் ஒரு பக்கம் கிடக்கிறது, அம்மா என்று வதனி எழும்பிவிட்டாள், ஆட்டுத்தோல் கோட்டுக்காரன் ஓரத்திலிருந்து போ போ என்று கையைக் காட்டுகிறான், படம் ஓடிக்கொண்டிருப்பது இவளுக்குத் தெரியவில்லை, தெரிந்தாலும் நின்றிருப்பாளா, நான் அறிந்தவள் நின்றிருக்கமாட்டாள், தவமலர் தலைப்பை இறக்கிவிட்டா, விசாலாட்சி மச்சாள் கைப்பையை இறுக்கிப் பிடிக்கிறாள், திரையில் நாகபூசணியின் கை மேலே போகிறது, கழுத்தடிப் பொத்தானைக் கழற்றுகிறாள், அடுத்த பொத்தானை, அடுத்ததை, நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், கண்ணை எடுக்கமாட்டேன், எது வந்தாலும் எடுக்கமாட்டேன் என்று கதிரையின் கைப்பிடியைப் பிடித்திருக்கிறேன், கோட் கழன்று கையோடு வருகிறது, உள்ளே சேலை, நீளக்கைச் சட்டை, தோளில் ஊசி குத்திய முந்தானை, அந்தக் கோட்டை எடுத்து அவள் ராணியின் தோளில் போடுகிறாள், அந்தப் பிள்ளை நடுங்கிக்கொண்டு நிற்கிறது, விரலெல்லாம் நீலம், அதன் கையை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கோட்டுக்குள் விடுகிறாள், எங்கள் வதனிக்கு விடுகிற மாதிரி, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டுகிறாள், கழுத்து வரைக்கும், ஏதோ சொல்கிறாள், சத்தம் வெளியே வரவில்லை, படக்காரர் அந்த இடத்தில் ஒரு பாட்டைப் போட்டு மூடிவிட்டார்கள், ஆனால் குண்டூசிகளைக் கடித்தபடி அவள் பேசுகிற பேச்சு எனக்குப் பழக்கம், விறைச்சுப் போவாய் பிள்ளை என்கிறாள், போய்ச் சுடுதண்ணி ஏதும் குடி என்கிறாள், ஒரு தரம் திரும்பி நேரே எங்களைப் பார்க்கிறாள், என்னைத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன், பிறகு சந்திரனின் ஓட்டைக்குள்ளால் போய்விட்டாள், அந்த மாசியில் ஒருநாள் அவள் கோட் இல்லாமல் வீட்டுக்கு வந்ததும், பஸ்சிலை விட்டிட்டன் என்று சொன்னதும், நான் பஸ் கந்தோரில் போய்த் தவறவிட்ட பொருள் கொடுக்கிற யன்னலில் வரிசையில் நின்று ஒரு சிவப்புக் கோட்டுக்காக வெள்ளைக்காரனோடு வாக்குவாதப்பட்டதும், அவள் என்னைப் போகவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்ததும், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நின்றன.

தம்பி, அந்த இடத்தை ஒருக்காத் திருப்பிப் போடும் என்றார் கதிர்காமநாதன், சுதாகரன் போட்டான், அவள் பின்பக்கமாக நடந்து வந்தாள், கோட் திரும்ப அவள் தோளுக்கு ஏறியது, பிறகு முன்பக்கமாக, பிறகு இன்னொரு தரம், தவமலர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வாற தை மாசத்துக்கே அண்ணை கலியாண நாளை வைச்சிடுவம், சாத்திரியார் ஒண்டும் சொல்லமாட்டார் என்றா, நான் எழும்பினேன், திரைச்சீலைகளைத் திறந்தேன், அறைக்குள் வெயில் விழுந்து திரையில் இருந்த எல்லாரும் வெளிறிப்போனார்கள், அந்த நாளை நீங்கள் வைக்கேலாது, நீங்கள் ஒருக்கா வைச்சுத் தள்ளினனீங்கள், இனி என்ரை பிள்ளை சொல்லட்டும் என்றேன், எல்லாரும் வதனியைப் பார்த்தார்கள், அவள் சுதாகரனைப் பார்த்து, நீர் இந்தக் கதையை நம்பினீரோ என்று கேட்டாள், அவன் தலையைக் குனிந்து, கொஞ்சம் நம்பினன் என்றான், பொய் சொல்லவில்லை, மாமாவையும் மாமியையும் கூட்டிக்கொண்டு போம், சித்திரையிலை வந்து திரும்ப முறையாக் கேளும், அப்ப யோசிப்பன் என்றாள், அவள் முதுகும் என்னுடையது மாதிரியே நேராக நின்றதை நான் அன்றுதான் கண்டேன், சித்திரையில் அவன் வந்தான், தனியாக வந்து கேட்டான், அவள் நிறைய நேரம் காக்கவைத்துத்தான் ஓம் என்றாள், விசாலாட்சி மச்சாளுக்கு நானே நேரில் போய்க் கலியாணம் சொன்னேன், மண்டபத்தில் முன்வரிசையில் இருத்தினேன், எல்லாரும் அவளைப் பார்க்கட்டும் என்றுதான் இருத்தினேன்.

இத்தனை வருடம் கழித்தும் கதை நிற்கவில்லை, போன மாதம்கூட ஒரு செத்தவீட்டில், எனக்குக் காது கேட்காது என்று நினைத்து, உவரின்ரை மனுசிதான் அந்தக் காலத்திலை இங்கிலீசுப் படத்திலை எல்லாத்தையும் கழட்டினவ என்று பின்னால் ஒருவன் குசுகுசுத்தான், நான் திரும்பி அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். எல்லாவற்றையும் அல்ல, கோட்டை மட்டும். அதுவும் மற்றொரு பிள்ளைக்குப் போட்டுவிட.