பதினோராயிரம் மீட்டர் கறை

எங்கள் ஆலையின் துணிப் பரிசோதகர் வெறும் பார்வையாலேயே பதினோராயிரம் மீட்டர் வெள்ளைத் துணியில் கறை படிய வைத்தார். குத்துமதிப்பாகச் சொன்னதல்ல, நாடா பிடித்து அளந்தது. அவருக்குச் சுளிப்புக்காரர் என்று பெயர். ஆலையில் யாரும் அதை ரகசியமாகச் சொன்னதில்லை. முப்பத்தோரு வருடத்தில் அவர் முகம் சுளிக்காமல் பார்த்த பொருள் ஒன்றே ஒன்றுதான், சிவப்பு மையில் ‘கழிவு’ என்று பதியும் அவருடைய ரப்பர் முத்திரை. ‘தேறியது’ என்று இன்னொரு முத்திரையும் மேஜையில் கிடந்தது. அதன் பிடிக்குள் ஒரு சிலந்தி மூன்று தலைமுறையாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. நல்ல துணிக்குப் பென்சிலால் ஒரு கீறல் போடுவாரே தவிர, அந்த முத்திரையைத் தொட்டுச் சிலந்திக்குத் தொந்தரவு தரமாட்டார். சிலந்தியையும் அவருக்குப் பிடிக்காது என்பது வேறு விஷயம்.

பரிசோதனை அறையில் நீலக் குழல்விளக்கு எரியும். துணியில் எண்ணெயோ வேற்று நூலோ கலந்திருந்தால் அந்த வெளிச்சம் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். சுளிப்புக்காரர் ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கும்போது, அந்த வெளிச்சத்தில் எல்லாத் துணியின் நடுவிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் கறை தெரிய ஆரம்பித்தது. தொடர்ந்து மூன்று முறை கழிவு வாங்கினால் தறி கைவிட்டுப் போகும் என்பது ஆலை விதி. தாம் சொந்தபந்தம் பார்க்காதவர் என்று ஊருக்குக் காட்ட, அவர் தினமும் பதினேழாம் தறியில் நெய்யும் தம் மச்சினியின் துணியைத்தான் முதலில் எடுப்பார். அதனால் முதலில் இரண்டு கழிவு வாங்கியவளும் அவள்தான். அவள் வீட்டில் வேலைக்குப் போகும் ஆள் அவள் ஒருத்தி. தறி போனால் அடுப்பும் போகும்.

அவள் கறைத் துணியை வெளுப்புப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். ஒரு முறை வெளுத்தார்கள், ஒன்பது முறை வெளுத்தார்கள். பத்தாவது முறை துணி கரைந்து நடுவில் ஓட்டை விழுந்தது. அதை நீல அறைக்குக் கொண்டுபோய் அவர் முன்னால் விரித்தபோது, ஓட்டையின் நடுவில் கறை மட்டும் அந்தரத்தில் மிதந்தது. அறையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. சுளிப்புக்காரர் ஓட்டையைச் சுற்றி முத்திரை குத்தினார். ஓட்டை நெய்த குற்றத்துக்குத் தனியாக ஒரு குத்து. பழைய துணி என்பதால் அது மூன்றாவது கழிவாகக் கணக்கில் ஏறவில்லை.

வருடத்துக்கு ஒரு முறை ஆலைக்குக் கண் பார்க்க வரும் பெண் டாக்டர் அந்த வாரம் வந்தார். கருவியின் நீல ஒளியைச் சுளிப்புக்காரரின் கண்ணுக்குள் விட்டதும் டாக்டரின் வெள்ளைக் கோட்டு மஞ்சளாகிவிட்டது. அவர் அசராமல் விளக்கினார். கண்ணின் பின்புறம் ஒரு படலம். அதிலுள்ள செல்கள் தினமும் காலையில், பார்க்கும் செல்கள் உதிர்க்கிற தேய்ந்த நுனிகளைத் தின்று தீர்க்கும். செரிக்காத மிச்சம் மஞ்சள் துகளாக உள்ளேயே தங்கும். வயதாக ஆகக் கூடும். நீல ஒளி பட்டால் மின்னும். யாருக்கும் உள்ளதுதான், ஆனால் இவருக்கு இருப்பது துகள் அல்ல, கிடங்கு. ஒவ்வொரு துகளிலும் அவர் ஒதுக்கித் தள்ளியது ஏதாவது ஒன்று இருந்ததாம். ஒன்றில் மனைவி ஆசையாகப் புது மாதிரி வெட்டிக்கொண்டு வந்த தலைமுடி, ஒன்றில் மேனேஜரின் கையெழுத்து, ஓரத்தில் மச்சினி நெய்த முதல் துணி. அருவருத்துக்கொண்டே விழுங்கினால் எப்படிச் செரிக்கும் என்று தறிக்கூடத்தில் பேசிக்கொண்டார்கள். ஆலை முழுக்க நம்பியது, ஒருவரைத் தவிர.

“டாக்டரா அது? நேத்துக் காது குத்தின பொண்ணு மாதிரி இருக்கு,” என்றார் சுளிப்புக்காரர்.

மூன்றாவது பரிசோதனைக்கு மச்சினி துணியோடு பெண்கள் ஓய்வறைக் கண்ணாடியையும் கழற்றிக்கொண்டு வந்தாள். மேனேஜரும் வந்து நின்றார். வழக்கம்போலக் கறை தெரிந்தது, முத்திரை உயர்ந்தது. அவள் துணியைச் சட்டென்று உருவிக்கொண்டாள்.

“இப்ப கறை எங்க மாமா?”

“சுவத்துல.”

“சுவரையும் நான்தான் நெய்தேனா?”

“கேட்டதுக்குச் சொன்னேன். பேசாம நில்லு.”

“மேனேஜர் சட்டையப் பாருங்க.”

பார்த்தார். மஞ்சள் கறை மேனேஜரின் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. “அதுவும் அழுக்குதான். இந்த ஆளு என்னைக்குத் துவைச்சுப் போட்டாரு?” என்றவர், யோசிக்காமல் சட்டைப் பையின் மேல் ஒரு குத்துக் குத்தினார். மேனேஜர் அப்போதுதான் முழுமனதாக மச்சினியின் கட்சிக்கு மாறினார். அவள் கண்ணாடியைத் தூக்கி அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். ஓரங்களில் காது இரண்டும் தெரிந்தன. நடுவில், முகம் இருக்கவேண்டிய இடத்தில், ஒரு மஞ்சள் குட்டை. அவர் குனிந்து பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். எங்கே தேடியும் சுளிப்பதற்கு அங்கே முகமே இல்லை.

கை பழக்கத்தை விடுமா? கண்ணாடியிலும் ஓங்கிக் குத்தினார். மச்சினி கண்ணாடியைக் கீழே இறக்கினாள். கண்ணாடி சுத்தமாக இருந்தது. ‘கழிவு’ என்ற சிவப்பு எழுத்து அவர் நெற்றியில் இருந்தது.

சோப்பு போட்டார். வெளுப்புப் பிரிவில் தலையைக் கொடுத்தார். எட்டு நாள் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். எழுத்து தொப்பியைத் தாண்டித் தெரிந்தது. ஒன்பதாம் நாள் ‘தேறியது’ முத்திரையிலிருந்து சிலந்தியைக் குடும்பத்தோடு காலி செய்ய வைத்து, பதினேழாம் தறிக்கு நடந்தார். தறிகளின் சத்தத்தில் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். மச்சினியின் துணியைத் தடவிப் பார்த்து முத்திரையை வைத்தார்.

“கறை என் கண்ணுலதான் இருக்கு. ஒத்துக்கிறேன். தறிய ஓட்டு.” இரண்டடி போனவர் திரும்பினார். “ஆனா ஓரம் கோணல். அது என் கண்ணு இல்ல, உன் கை.”