அருக்காணியின் மூட்டை

வேடியப்பனுக்கு ஒரு காப்பி மூட்டையைத் தரையிலிருந்து கிளப்பத் துப்பில்லை. எஸ்டேட் ரைட்டர் அவர். பெண்கள் மூச்சிரைக்கச் சுமந்து வருவதைத் தராசில் நிறுத்து, எடையை எழுதி, கையெழுத்துக்குக் கீழே ஒரு சுழி போடுவதோடு அவர் வேலை முடிந்தது. அப்பேர்ப்பட்ட மனுஷர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் மந்திரவாதி ஆகிவிடுவார்.

ஏற்காடு கடைவீதியில், முகமது யூசுப்பின் குடைக்கடைப் பின்னறையில்தான் அந்த ஆட்டம். எண்பத்தாறில் யூசுப்பின் தம்பி துபாயிலிருந்து ஒரு பெட்டி அனுப்பியிருந்தான். உள்ளே இருபது முகம் வைத்த பகடைகளும் ஒரு விதிப்புத்தகமும். ஆளுக்கொரு கதாபாத்திரம், அதன் பலம், உயிர், சாமான் எல்லாம் ஒரு தாளில். யூசுப் கதையை நடத்துவார், மற்றவர்கள் அதற்குள் புகுந்து சண்டை போடுவார்கள், பிழைப்பதும் சாவதும் பகடை சொல்கிறபடி.

கலாவதி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். வாரத்தில் ஆறு நாள் ஊரார் பேச்சுக்கு லைன் போட்டுக் கொடுத்தவளுக்கு இந்த ஒரு மத்தியானம்தான் சொந்தம். அவளுடைய ஆள் அருக்காணி என்ற வாள்காரி. இரண்டு வருஷமாக, ஒருதடவைகூடச் சாகவிடாமல் வளர்த்து வைத்திருந்தாள்.

ஆரம்பத்தில் வேடியப்பனின் மந்திரவாதி ஒரு தவளை கத்தினால்கூட அருக்காணியின் முதுகுக்குப் பின்னால் ஒளிவான். நாள்பட நாள்பட அவனுக்கு நெருப்பு உருண்டை வீசுகிற மந்திரம் வந்து சேர்ந்தது. ஒரே வீச்சில் இருபது எதிரி சாம்பல். அருக்காணி வாளை உருவுவதற்குள் சண்டை முடிந்திருக்கும். இரண்டு உருண்டை வீசியதும் மந்திரவாதித் துரை காலை நீட்டிப் படுத்துக்கொள்வார். விடிந்து மந்திரப் புத்தகத்தைப் படித்தால் மறுபடி இரண்டு உருண்டை. அதுவரை காவல் நிற்பது யார்? அருக்காணிதான்.

யூசுப் சரிக்கட்டப் பார்த்தார். வாளின் அடிக்குப் பலம் கூட்டினார், வேடியப்பன் முணுமுணுத்தார். உருண்டையைச் சின்னதாக்கினார், வேடியப்பன் இரண்டு வாரம் ஆட்டத்துக்கே வரவில்லை. ஆள் குறைந்துவிடுமே என்று யூசுப் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டார். வளர்ந்த மனுஷர் இப்படி முறுக்கிக்கொள்வதும், இன்னொரு வளர்ந்த மனுஷர் அதற்கு வளைந்துகொடுப்பதும் கலாவதிக்கு அருவருப்பாக இருந்தது.

அந்த ஞாயிறு வேடியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அம்மிணி கோவிச்சுக்காதீங்க. வாள் புடிக்கறவ இனிமே எதுக்குங்க? மூட்டை தூக்கத்தான் ஆவுது. அருக்காணிய ஊட்டுக்கு அனுப்பிப்போட்டு எடத்தைக் குடுத்தீங்கன்னா, பாரஸ்ட் ஆபீஸ் கிளார்க்கு வர்றேங்கறாரு. அவரும் மந்திரவாதிதானுங்க."

அந்த அறையில் நாலு நாற்காலிக்குமேல் இடமில்லை. கலாவதி யூசுப்பைப் பார்த்தாள். யூசுப் பகடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாலாவது நாற்காலியில் இருந்த அவர் மனைவி ஷஹீதா, ஆட்டத்தில் அவளும் ஒரு மந்திரக்காரிதான், டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். கலாவதிக்கு ஆத்திரம் மூண்டது. இவர் ஒரு ஆள், இவர் சொல்லி நான் எழுந்து போகணுமா?

"இப்பவே போகணுங்களா?" என்றாள்.

"இப்பவேதான் போவட்டுமே. குகை வாசல்ல நிக்கறோம். என்ர ரெண்டு உருண்டையும் தீந்துபோச்சு, நான் படுத்துத் தூங்கறேன். அவ பாட்டுக்கு எறங்கிப் போவட்டும்."

"எழுதிக்குங்க யூசுப் பாய். ரைட்டர் தூங்கிட்டாரு. அருக்காணி கெளம்பிட்டா," என்றாள் கலாவதி.

யூசுப் எழுதிக்கொண்டார். கலாவதி தன் தாளைத் தூக்கிப் பிடித்தாள்.

"அவ கொண்டுபோற சாமானைப் படிச்சுடறேங்க. வாளு, கேடயம், கயிறு, அரிசி மூட்டை, லாந்தர், மந்திரப் புத்தகம் ரெண்டு."

வேடியப்பனின் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

"அது என்ர புத்தகமுங்க!"

"ஆமாங்க. உங்க கையாலதான் எழுதிக் குடுத்தீங்க."

தாளைத் திருப்பிக் காட்டினாள். கடைசிக்கு முந்தின வரியில் எஸ்டேட் கையெழுத்து, கீழே அந்தச் சுழி. பாரம் மிஞ்சினால் ஓட முடியாது என்று விதி. ஆபத்தென்றால் முதல் ஆளாக ஓட வசதியாக, எட்டு மாசத்துக்கு முன்னால் தன் புத்தகத்தை அவள் மூட்டையில் ஏற்றியவர் அவரேதான். அதைப் பார்த்து ஷஹீதாவும் தன்னுடையதை ஏற்றிவிட்டாள். சுமக்கிறவளிடம் என்ன இருக்கிறது என்று இரண்டு பேரும் அப்புறம் நினைத்துப் பார்க்கவே இல்லை.

"அப்ப நானும் அருக்காணி கூடவே எறங்கிடறேன்," என்றாள் ஷஹீதா, டீயை ஒரு வாய் குடித்துவிட்டு. "எனக்கு எதுக்கு வம்பு?"

யூசுப் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு தெம்பு. புத்தகம் இல்லாமல் மந்திரம் வராது என்று நிதானமாகப் படித்துக் காட்டினார். பிறகு பகடையை உருட்டி, விழுந்த எண்ணுக்கு எந்த மிருகம் வருகிறது என்று ஒரு பட்டியலில் பார்த்தார். வாயில் நுழையாத வெளிநாட்டு ராட்சதப் பெயர்களை எல்லாம் அடித்துவிட்டு, அவர் தமக்குத் தெரிந்த மிருகங்களாக எழுதி வைத்திருந்த பட்டியல் அது.

"காட்டுப்பன்னி," என்றார். "ஒண்ணே ஒண்ணுதான்."

"ஓடறேனுங்க!"

"தூங்கறீங்களே ரைட்டர்."

"அப்ப எழுப்பியுடுங்க!"

"யாருங்க எழுப்பறது?" என்றாள் கலாவதி. "காவலுக்கு யாரு நிக்கறா?"

தூங்குகிறவனைக் கொல்லப் பகடைகூட வேண்டியதில்லை. ஒரே வீச்சில் இருபது பேரைச் சாம்பலாக்கிய மகா மந்திரவாதி, ஒற்றைப் பன்றியிடம் குறட்டையோடு போய்ச் சேர்ந்தார். வேடியப்பன் எழுந்து விதியைக் காட்டு என்றார், பார்த்தார், உட்கார்ந்தார். செத்தவர்கள் முதல் படியிலிருந்து புது ஆளாகத்தான் வர வேண்டும். முதல் படி மந்திரவாதிக்கு ஒரு கொள்ளிக்கட்டை பிடிக்கக்கூட யோக்கியதை கிடையாது.

"பாரஸ்ட் ஆபீஸ் கிளார்க்கு கிட்ட இப்ப எடமில்லீன்னு சொல்லிடுங்க," என்று கலாவதி ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். "நீங்க அடுத்த வாரம் கட்டாயம் வாங்க, ரைட்டரே. அருக்காணிக்கு ஒரு ஆள் நொம்ப அவசியமா வேணும்."

பெயருக்கு இடம் விட்டு, சாமான் பட்டியலின் முதல் வரியில் அவளே எழுதி அவர் பக்கம் தள்ளினாள். அரிசி மூட்டை, ஒன்று.