அண்ணன் காதிலிருந்து கழற்றியது

காது கேட்கும் கருவிகளைப் பழுது பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. கடைத்தெருவில் மருந்துக்கடையை ஒட்டிய ஒற்றை அறை. வாசலில் பெயர்ப்பலகை இருந்தும் யாரும் அதைப் படித்ததில்லை. ஊருக்கெல்லாம் அவள் காதுக்காரம்மா.

அவளுடைய அண்ணன் இருபத்தாறு வருஷமாக லேத் பட்டறையில் இரும்பு கடைகிறவர். அந்த இரைச்சலே அவர் காதைத் தின்றுவிட்டது. கடையில் விற்கும் கருவியை மாட்டினால் பேச்சோடு சேர்த்து மொத்தப் பட்டறையையும் தலைக்குள் இறக்கிவிடும். இரண்டே நாளில் கழற்றி எறிந்துவிட்டார். வீட்டில் நாலு பேர் சிரித்தால் போதும், தன்னைப் பற்றித்தானோ என்று முகம் சுண்டிப்போகும். அதைக் காணப் பொறுக்காமல்தான் அவள் உட்கார்ந்தாள். நாலு வருஷம் உட்கார்ந்தாள். எவ்வளவு இரைச்சல் இருந்தாலும், யாரைப் பார்க்கிறோமோ அவர் குரலை மட்டும் பிரித்துக் கொடுக்கும் ஒரு கருவி கட்டைவிரல் நகம் அளவில் தயாரானது.

மாட்டிய அன்று, சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருக்க, அண்ணி ஏதோ முணுமுணுத்தாள். "நான் ஒண்ணும் அவ்வளவு மோசமான புருஷன் இல்ல" என்று கூடத்திலிருந்து அவள் முதுகைப் பார்த்தபடியே அண்ணன் பதில் சொன்னார். அண்ணிக்குக் கரண்டி கை நழுவியது.

வக்கீல் ஒருவரைப் பிடித்து பேட்டன்ட் கேட்டு விண்ணப்பம் போட்டாள். ஐந்தாம் மாதம் வந்த கடிதம் ஒப்புதலும் இல்லை, மறுப்பும் இல்லை. அது ரகசிய ஆணை. இந்தக் கண்டுபிடிப்பு நாட்டின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, இதைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது, எழுதக்கூடாது, இனிமேல் செய்யவோ விற்கவோ கூடாது, மீறினால் சிறை என்று இருந்தது. வக்கீல் அதை இரண்டு தரம் படித்தார். இனி இதைப் பற்றித் தன்னிடம்கூடப் பேச வேண்டாம் என்று சொல்லி, அவளுடைய ஃபைலை ஒரு விரலால் அவள் பக்கம் தள்ளினார்.

மறுவாரம் கடைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றார். ஃபைல் வைத்திருந்தவர்தான், கருவி எத்தனை இருக்கிறது என்று கேட்டார்.

"ரெண்டு. ஒண்ணு இந்த மேஜையில இருக்கு, இன்னொண்ணு எங்க அண்ணன் காதுல."

"அதையும் ஒப்படைக்கணும்."

"அது அவரோட காது, சார்."

"காது அவரோடது. கருவி ஆணைக்குள்ள வருது."

கூட்டத்துக்கு நடுவில் பேசுகிற யாரையும் இதை வைத்து ஒட்டுக்கேட்கலாம், எதிரி கையில் சிக்கினால் என்ன ஆகும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். உங்கள் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். அவர் ஃபைலில் அடுத்த தாளைப் புரட்டினார். அண்ணனிடம் என்ன சொல்லிக் கழற்றுவது என்றாள்.

"பழுதுன்னு சொல்லுங்க. உங்க தொழிலே அதுதானே."

அண்ணன் வீட்டுக்குப் போனாள், அதையேதான் சொன்னாள். அண்ணன் தானே கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, அவள் உள்ளங்கையில் வைத்தார். சீக்கிரம் கொண்டு வா என்றார்.

வாரம் மாதமானது. அவளுக்கும் சாக்குச் சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டது. பெரிய கம்பெனிக்கு விற்றுவிட்டாளாம் என்று யாரோ அண்ணியிடம் ஓத, அண்ணி போனில் பிடிபிடியென்று பிடித்தாள். அவள் பதில் பேசவில்லை. பேசாததே அத்தாட்சியாகிவிட்டது. அதன்பின் அவள் போனால் அண்ணன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார்.

வருஷம் முடிந்ததும் ஆணையை நீட்டித்து ஒரு வரிக் கடிதம் வந்தது. காரணம் கேட்டு எழுதினாள். காரணமும் ரகசியத்துக்குள் அடக்கம் என்று பதில். அடுத்த வருஷமும் அதே ஒரு வரி, தேதி மட்டும் வேறு. அன்றைக்கு அவள் கடையை அப்படியே பூட்டிவிட்டு, கடிதத்தோடு பட்டறைக்கு நடந்தாள்.

ஆறு லேத்தும் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடக் கேட்காது, அண்ணன் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார் என்ற தைரியம் அவளுக்கு. எதிரே போய் நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நான் விக்கல, அண்ணா. அரசாங்கம் எடுத்துக்கிச்சு. வெளியே சொன்னா ஜெயில்."

அந்த நேரம் பார்த்து டீ இடைவேளைக்காக மேஸ்திரி மெயின் சுவிட்சை அணைத்தார். பட்டறை அடங்கியது. அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த அண்ணனுக்கு அது தெரியவில்லை. எப்போதும்போல் இரைச்சலுக்கு மேல் தொண்டையைத் திறந்தார்.

"என் காதுல இருந்ததையா? அரசாங்கமா? அதை வச்சு யாரை ஒட்டுக்கேட்கப் போறாங்களாம்?"

டீ டம்ளரோடு பத்துப் பன்னிரண்டு தலைகள் திரும்பின. அவர் வாயைப் பொத்த அவள் கை உயர்ந்தது. இரண்டு வருஷம் தன் வாயைப் பொத்தியது போதாதா என்று தோன்றியது. கையை இறக்கினாள். கடிதத்தை மேஸ்திரியிடம் நீட்டி, "சத்தமா படிங்க" என்றாள்.

பத்தாம் நாள் விசாரணைக்கு ஓலை வந்தது. அண்ணனுக்கும் சேர்த்து. அலுவலகத்தில், அன்று கடைக்கு வந்த ஃபைல்காரர் தணிந்த குரலில்தான் ஆரம்பித்தார். அண்ணன் தலையாட்டி, கேட்கவில்லை என்றார். உதட்டைப் படிக்க வராதா என்று அவர் கேட்டது மட்டும் அண்ணனுக்கு நன்றாகவே புரிந்தது. அதற்கும் கேட்கவில்லை என்றார். நாலாவது தரம் ஃபைல்காரர் கத்த வேண்டியதாயிற்று: "அந்தக் கருவியைப் பத்தி யார் யார்கிட்ட சொன்னீங்க?" வெளியே வராந்தாவில் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"கேட்கல, சார்" என்றார் அண்ணன், அவரைவிடச் சத்தமாக. "என் காது உங்க பீரோவுல இருக்கு."

எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்து அனுப்பினார்கள். கருவி திரும்பவில்லை, ஆணையும் விலகவில்லை. பஸ் நிறுத்தத்தில் அண்ணன் அவள் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றார், அவள் பேசினால் உதடு தெரியட்டும் என்று. அவள் அரசாங்கத்தை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தாள். பஸ் வரும்வரை அவர் ஒரு சொல்லையும் விடவில்லை.