தாட்சாயிணியின் பத்து வாக்கியங்கள்

பகல் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் தொண்டை கிழியக் கத்திவிட்டு, ஐயப்பன்தாங்கலில் பஸ் பிடித்துத் திருமழிசை தொழிற்பேட்டைக்கு வந்து, ஒரு கம்பெனி கேன்டீனில் இங்கிலீஷ் வகுப்பு எடுப்பவள் நான். என் தலையெழுத்து. முதல் ஷிப்ட் முடித்த பன்னிரண்டு பேர் சாம்பார் வாசனையில் கொட்டாவி விடுவார்கள். நானும் விடுவேன்.

தாட்சாயிணி மட்டும் விடமாட்டாள். வயது நாற்பத்திமூன்று, பதினெட்டு வருஷமாக இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் மிஷினில் நிற்பவள். சூப்பர்வைசர் ஆக வேண்டுமென்றால் என் பரீட்சையில் பத்துக்கு ஆறு வாங்க வேண்டும். விடைத்தாள் மேனேஜர் மேசைக்குப் போகும்.

பரீட்சைக்கு முந்தின பாடம் 'டு ஹூம்', 'இன் விச்', 'ஃபார் விச்'. "நான் சொன்ன ஆள்" என்று தமிழில் சுலபமாகத் தப்பித்துவிடலாம். இங்கிலீஷ் விடாது, யாரிடம், எதில், எதற்காக என்று கேட்டு வாங்கிவிடும். பரீட்சையில் இவற்றை வைத்துச் சொந்தமாகப் பத்து வாக்கியம் எழுதச் சொன்னேன்.

அவள் தாளைத் திருத்தும்போது என் தூக்கம் கலைந்துவிட்டது. அவள் இங்கிலீஷில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி: என்னோடு வேலை செய்த பொன்னம்மாளின் இரண்டு விரல்கள் போன மிஷின் இது. கை உள்ளே போனால் மிஷினை நிறுத்தும் சென்சார் வேலை செய்யவில்லை என்று நான் மூன்று முறை புகார் சொன்ன மேனேஜர் இவர். சென்சார் நன்றாகத்தான் இருந்தது என்று எங்களிடம் கையெழுத்து வாங்கிய காகிதம் இது. இப்படியே பத்தும். ஒரு தப்பு இல்லை.

"அறிவிருக்கா உங்களுக்கு? இது யார் மேசைக்குப் போகுதுன்னு தெரியுமில்ல?" என்று சீறினேன். "வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டிக்காதீங்க. பூ, பூங்கான்னு ஏதாவது எழுதித் தொலைங்க."

புதுத் தாளில் அரை மணி நேரம் எழுதினாள். மூன்றுதான் சரி.

"இன்னா மிஸ் பண்றது? நடந்தத எழுதுனா கை தானா ஓடுது. பூங்காவுக்கு நான் எப்போ போனேன்?"

மூன்றை ஆறாக்கித் தருகிறேன் என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. அவள் இரண்டு தாளையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பூங்காத் தாளைக் கிழித்துப் போட்டாள்.

"பொன்னம்மா ஊட்டுக்கு எதிர் ஊடு மிஸ் நானு. டெய்லி அது மூஞ்சில முழிக்கணுமில்ல? இதையே அனுப்புங்க."

பத்துக்குப் பத்து போட்டு அனுப்பினேன். பயமாகத்தான் இருந்தது.

மறுவாரமே வகுப்பை நிறுத்திவிட்டார்கள். வகுப்பில் பாதி நேரம் தூங்கிய ஹேமநாதன் ஆறு மார்க்கில் சூப்பர்வைசர் ஆனான். தாட்சாயிணிக்குப் போன் செய்து, என்னால்தான் எல்லாம் என்று அழுதேவிட்டேன்.

"அய்ய, அழாதீங்க மிஸ். புது சென்சார் மாட்டிட்டானுங்கோ," என்றாள். "பொன்னம்மாவாண்ட சொன்னேன். ரெண்டு வெரலுக்கு முன்னாடி மாட்டியிருக்கலாம்னு சொல்லி சிரிக்குது."